பேரன் கேக் கேட்டால் பணியாரச் சட்டியை எடுக்கலாமா?

மே 4, 2025 – திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி

முழுப்பரீட்சை லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கியாயிற்று. வந்த அன்றே கேக் வேண்டும் என்கிறார்கள். நம்மில் பலரும் யூடியூப் பார்த்து மைதாவும் எசன்ஸும் வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறோம். அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் இந்த வயதில் கேக் செய்யப் பழகுவது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. பணியாரச் சட்டியை அடுப்பில் ஏற்றுங்கள், நாலு நாளில் கேக்கை மறந்துவிடுவார்கள். நம் பலகாரத்தை நாமே விட்டுக்கொடுத்தால் வேறு யார் செய்வார்கள்?

மே 4, இரவு – மதுரை செல்லூரிலிருந்து ஒரு அப்பத்தாவின் பதில்

நான் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் பேரனுக்கு ஏழு வயது. மகனும் மருமகளும் சென்னையில். லீவுக்கு இங்கே செல்லூரில் என்னிடம் விட்டிருக்கிறார்கள். போன வருஷமும் வந்தான். வெல்லப் பணியாரம், காரப் பணியாரம், சீயம் எல்லாம் சுட்டுக் கொடுத்தேன். தட்டை வாங்கிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தான். அது எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வருஷம் "கேக் செய்யலாமா அப்பத்தா?" என்று கேட்டான். சரிடா அய்யா என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டான்.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பணியாரம் நான் கொடுத்தது. கேக் அவன் கேட்டது. கேட்டதை அவன் கையாலேயே செய்ய விட்டால் அடுப்படி அவனுக்கும் சொந்தமாகிவிடும். உள்ளே வந்த பிள்ளைக்குப் பணியாரம் சொல்லிக்கொடுப்பது பெரிய காரியமில்லை. உள்ளேயே வராத பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

மே 5, காலை

என் பதிலைப் படித்தவர்கள், ஓவன் இல்லாமல் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஓவன் கிடையாது. பழைய ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று இருக்கிறது. ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஓர் அங்குலத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டீல் வளையம் வைக்கிறேன். மூடி, மிதமான தீயில் பத்து நிமிஷம் சூடாக்கிவிட்டு, மாவு ஊற்றிய டின்னை உள்ளே இறக்க வேண்டும். அப்புறம் தீயைக் குறைத்து நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது.

உப்பு எதற்கு என்று பேரன் கேட்டான். மணலில் கடலை வறுக்கிறார்களே, அதே கதைதான் என்றேன். சூடு ஓரிடத்தில் குத்தாமல் எல்லாப் பக்கமும் பரவும். அந்த உப்பைக் குழம்புக்குப் போட முடியாது, ஆறவிட்டு டப்பாவில் வைத்தால் அடுத்த கேக்குக்கு ஆகும்.

ஒன்று கவனம். தினமும் சோறு வைக்கிற குக்கரை இப்படித் தண்ணீரில்லாமல் சூடாக்காதீர்கள், அதற்கு நல்லதில்லை. பழசு இல்லையென்றால் அடிகனமான தேக்சாவில் உப்பைப் போட்டு, தட்டால் மூடி, மேலே கனமாக எதையாவது வையுங்கள். அதுவே போதும்.

மே 5, மதியம்

மாவு கணக்கு:

கேழ்வரகு மாவு முக்கால் கப், கோதுமை மாவு முக்கால் கப். கருப்பட்டி தட்டியது ஒரு கப், ஏறக்குறைய 200 கிராம். அரை கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். வடிகட்டாமல் விட்டால் பல்லில் மண் நறநறக்கும். கெட்டித் தயிர் அரை கப். வாசம் இல்லாத எண்ணெய் கால் கப்பைவிடக் கொஞ்சம் கூட. பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்பசோடா அரை டீஸ்பூன், ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குத் தூள், துளி உப்பு.

முழுக்கக் கேழ்வரகில் செய்தால் கேக் எழும்பாது, உதிரும். கோதுமையில் இருக்கிற பசைச்சத்து கேழ்வரகில் இல்லை. சோடாவும் தயிரின் புளிப்பும் சேர்ந்தவுடன் குமிழி கிளம்பும். அதைப் பிடித்து வைக்கக் கோதுமை வேண்டும். அதனால் எல்லாவற்றையும் கலந்தபிறகு போனை எடுத்துப் பேச உட்காராதீர்கள், உடனே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். பேக்கிங் பவுடர் பழசா என்று பார்க்க அரை ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள். நுரைத்துப் பொங்கினால் நல்லது, சும்மா கிடந்தால் குப்பைக்கு.

மே 5, இரவு

அளவு பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மருமகள் அனுப்பிய கப் செட் பிளாஸ்டிக்கில் கலர் கலராக இருக்கிறது. கடைசி ஸ்பூனில் 1/8 என்று போட்டிருந்தது. பேரனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. "அரைக்கால்" என்றேன். காலில் பாதி. அப்படியே பரணில் கிடந்த பித்தளை உழக்கையும் ஆழாக்கையும் இறக்கினேன். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அவன் நம்பவில்லை. அரிசியை எடுத்து ஆழாக்கால் அளந்து படியில் கொட்டிக்கொண்டே வந்தான். எட்டாவது ஆழாக்கில் படி தலைதட்டி நின்றதும் கத்தினான் பாருங்கள், பக்கத்து வீட்டம்மா என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்துவிட்டார்.

அரிசி பாதி தரையில். கூட்டி அள்ளிக் கழுவிவிட்டேன். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் பிள்ளை மறுபடி வராது.

மே 7

இன்று காத்திருக்கிற நேரத்தைப் பற்றி எழுதத் தோன்றியது. கேக்கை ஏற்றிய பிறகு அந்த நாற்பது நிமிஷம் இருக்கிறதே, அதில் செய்ய ஒன்றும் இல்லை. திறந்து பார்க்கவும் கூடாது. பாதி வேக்காட்டில் மூடியை எடுத்தால் சூடு இறங்கி நடுப்பகுதி குழிந்துவிடும். உள்ளே மாவு இன்னும் கெட்டியாகி நிற்கவில்லை அல்லவா? பணியாரம் அப்படி இல்லை, ஊற்றினோம், திருப்பினோம், எடுத்தோம் என்று கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். அடுப்படித் தரையில் சும்மா உட்கார்ந்து பேச வாய்ப்பது கேக் செய்யும்போதுதான்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் "தாத்தாவுக்குக் கேக் பிடிக்குமா?" என்று கேட்டான். அவன் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிறான். தாத்தா ஹார்வி மில்லில் வேலை பார்த்ததையும், சம்பள நாளன்று பன்னும் தேங்காய் பிஸ்கட்டும் வாங்கி வருவதையும், அந்த பிரவுன் கவர் எண்ணெய் படிந்து கண்ணாடி மாதிரி ஆகியிருப்பதையும் சொன்னேன். பன்னை இரண்டாகப் பிய்த்து பெரிய பாதியை உன் அப்பாவுக்குக் கொடுப்பார் என்றேன். "சின்னப் பாதி?" என்றான். எனக்கு. "அப்போ தாத்தாவுக்கு?" என்றான்.

பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

என் சின்ன வயதில், சோழவந்தானில், ரொட்டி என்றால் காய்ச்சல்காரர்களுக்கு. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் ரொட்டிப் பாக்கெட் வாங்கிப் போவார்கள். டீக்கடையில் பொறை, வரிக்கி இருக்கும். கேக் என்ற ஒன்றை நான் தின்றது கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகுதான். ஆகவே கேக் வந்து நம் பலகாரத்தை விரட்டிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எங்கள் வீட்டில் அதிரசம் நின்றது கேக்கால் இல்லை. கூட மாட உதவுகிற கை இல்லாமல் போனதால் நின்றது. ஒரு ஆள் பாகு கிண்ட, ஒரு ஆள் மாவு கொட்ட வேண்டும். நான் ஒற்றை ஆளாகிவிட்டேன்.

மே 8

முட்டை போட்டுச் செய்பவர்களுக்கு: நாட்டுக்கோழி முட்டை சின்னது. இரண்டு முட்டை என்று போட்டிருந்தால் நாட்டுக்கோழி முட்டையில் மூன்று போடுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை கிடையாது, பேரனுக்குக் கேக் ஆசை வருவதோ வெள்ளிக்கிழமைதான். அதனால்தான் மேலே தயிர்க் கணக்கு கொடுத்தேன்.

மே 9

மருமகள் போனில் பேசினாள். "அத்தை, கருப்பட்டின்னாலும் அதுவும் சர்க்கரைதான், பார்த்துக் கொடுங்க" என்றாள். முதலில் எனக்குச் சுருக்கென்றது. நாம் வளர்க்காத பிள்ளையா என்று தோன்றத்தான் செய்யும். அப்புறம் யோசித்தேன், அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, தனியாகச் சேர்க்கிற இனிப்பு நாள் முழுக்கச் சாப்பிடுகிற கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்பது. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 40 கிராம்தான் வரும். மேலே சொன்ன கேக்கில் 200 கிராம் கருப்பட்டி இருக்கிறது. பத்துத் துண்டு போட்டால் துண்டுக்கு 20 கிராம். இரண்டு துண்டில் அன்றைய கணக்கு முடிந்தது. இதில் காலையில் பாலில் போட்ட சீனி சேரவில்லை. கேழ்வரகில் கால்சியம் நிறைய இருப்பது உண்மை, நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். அதற்காகக் கருப்பட்டி கேக் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்றாகாது.

இப்போது நாங்கள் ஒரு துண்டு வைத்துக்கொண்டு மீதியைத் தெருவுக்குக் கொடுத்துவிடுகிறோம். கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இந்தத் தெருவில் எனக்குத் தெரிவதைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பெற்றவள் ஒரு அளவு வைத்தால் அதை மீறாதீர்கள். ஒளித்துக் கொடுப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். பிள்ளை அதில் பொய்யைத்தான் கற்றுக்கொள்ளும்.

மே 13

நேற்று விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் சின்னப் பிள்ளையைக் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை. காலையில் அழகர் வருகிற வழியில், சாமி நின்று போகிற ஒரு மண்டகப்படிப் பந்தல் பக்கம் நின்று பார்த்தோம். சொம்பில் நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாழை இலையால் வாயை மூடி, மேலே சூடம் ஏற்றிக் காட்டுவோம் இல்லையா, அந்தச் சொம்பைத் தான்தான் பிடிப்பேன் என்று பிடித்துக்கொண்டான். சூடம் ஏற்றும்போது மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். நீர்மோரும் பானகமும் வழியெல்லாம். பானகத்தைக் குடித்துவிட்டு "இதிலேயும் ஏலக்காய், சுக்கு, நம்ம கேக்குலேயும் ஏலக்காய், சுக்கு" என்றான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நாக்கே கண்டுபிடித்துவிட்டது.

சாமிக்குக் காட்டிய சர்க்கரையை அக்கம்பக்கம் கொடுத்தது போக ஒரு கப் மிஞ்சியது. "இதில் கேக் செய்தால் அது பிரசாதமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

மே 15

"ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? பரோட்டா மாஸ்டர் ஆண், கல்யாணச் சமையல்காரர் ஆண், ஜிகர்தண்டா கடையில் பாலைச் சுண்டக் காய்ச்சுகிறவர் ஆண். சம்பளத்துக்கு என்றால் கை கூசாது, வீட்டில் என்றால் கூசுமா? என் பேரன் பாத்திரமும் கழுவுகிறான்.

மே 18

நான் எதிர்பார்த்தது நடந்தது. ஆனால் பணியாரத்தில் இல்லை. அதிரசத்தில்.

ஒரு நாள் "அப்பத்தா, கருப்பட்டியைக் கரைக்காமல் இன்னும் காய்ச்சினால் என்ன ஆகும்?" என்று அவனாகக் கேட்டான். அதிரசமாகும் என்றேன். உடனே செய்ய வேண்டும் என்றான். உடனே முடியாது, அரிசி ஊற வேண்டும், மாவு வைக்க வேண்டும் என்றேன். "கேக்கைவிட லேட்டா?" என்றான். மூன்று நாளாவது ஆகும் என்றதும் முகம் விழுந்துவிட்டது. ஆனால் விடவில்லை.

கீழமாசி வீதியில் நல்ல மாவுப் பச்சரிசி ஒரு கிலோவும் மண்டை வெல்லம் முக்கால் கிலோவும் வாங்கினோம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். கையில் அள்ளினால் லேசாக ஒட்டும், ஈரம் சொட்டாது, அந்தப் பக்குவத்தில் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் அதிரசம் வெடித்துப் போகும். பேரன் கால் மணிக்கு ஒரு தரம் போய் அரிசியைத் தொட்டுப் பார்த்தான். போன் கேட்கவில்லை.

பாகுதான் கஷ்டம். கொதிக்கிற வெல்லப்பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, அடுப்புக்கும் அவனுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டேன். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் கொடுத்து அவன் மடியில் வைத்தேன். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து அதில் விடுவேன், அவன் விரலால் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் விட்டது தண்ணீரோடு கரைந்து போனது. "இல்லை" என்றான். கொஞ்ச நேரம் கழித்து விட்டது சேர்ந்தது, ஆனால் வழுக்கியது. "இல்லை." அடுத்தது அடியில் போய் உட்கார்ந்தது. இரண்டு விரலால் உருட்டினான். மெத்தென்று உருண்டு நின்றது. அவன் ஒன்றும் சொல்லாமல் விரலை என் பக்கம் நீட்டினான். அடுப்பை அணைத்துவிட்டேன்.

அப்புறம் அவன் மாவைக் கொட்ட, நான் கிண்ட. இரண்டு கை இருந்தது.

மே 19

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, மாவு தளர்வாக இருக்கிறதே, தப்பா என்று கேட்கிறார்கள். தப்பில்லை. பாகு ஊற்றியவுடன் தளதளவென்றுதான் இருக்கும். மறுநாள் இறுகும். மேலே நெய் தடவி, துணி கட்டி வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம்.

மே 22

சுட்டோம். வாழை இலையில் தட்டி, எண்ணெயில் மெதுவாக விட்டு, தீயைக் குறைத்து, எடுத்தவுடன் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிய வேண்டும். தட்டுவது அவன், பொரிப்பது நான். முதல் அதிரசம் வட்டமாக இல்லை. "இது இலங்கை மேப்" என்றான். அதைத் தாத்தா போட்டோவுக்கு முன்னால் வைத்தது அவன்தான்.

மே 26

அழகர்கோவில் போய் வந்தோம். அங்கே பிரசாதத் தோசை தெரியும்தானே, தடிமனாக, நெய்யில், மிளகும் சீரகமும் சுக்கும் போட்டது. இரண்டு கையால் பிடித்துக் கடித்தான். "இது கேக்தான் அப்பத்தா, காரமான கேக்." மலைமேல் இருக்கிற நூபுர கங்கைத் தீர்த்தத் தண்ணீரில் மாவு ஆட்டுகிறார்கள் என்றேன். வீட்டுக்கு வந்ததும் உளுந்து எத்தனை பங்கு, அரிசி எத்தனை பங்கு என்று கேட்டுக் கப் செட்டை எடுத்து வைத்துக்கொண்டான். கோயில் கணக்கு எனக்குத் தெரியாது என்று சொன்னதும் "அப்போ நாமளே கண்டுபிடிப்போம்" என்கிறான்.

திருமங்கலத்து அம்மாவுக்கு: உங்கள் கவலை எனக்கும் உள்ள கவலைதான். நம் பலகாரம் போய்விடக் கூடாது. ஆனால் கேக்கைத் திட்டி அதைக் காப்பாற்ற முடியாது. பிள்ளையின் ஆசைக்கு எதிரில் பணியாரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றால், பணியாரம் என்றாலே அவனுக்குப் பிடிக்காமல் போய்விடும்.

மே 31

நாளைக் காலை வைகை எக்ஸ்பிரஸில் மகன் அழைத்துப் போகிறான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

ஓவன் வாங்கலாமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். வருஷத்துக்கு ஒரு மாதம் பிள்ளை வருகிற வீட்டுக்கு வேண்டாம். உப்புப் போட்ட தேக்சா போதும். பிள்ளை கூடவே இருக்கிற வீடு, வாரம் ஒரு தரமாவது செய்வீர்கள் என்றால் வாங்குங்கள். வாங்குமுன் அடுப்படியில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

அதிரச மாவில் பாதியை எடுத்து வைத்திருந்தேன். தூக்குவாளியில் போட்டு, மேலே நெய் தடவிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பேரன் அவன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறானாம். அவளும் போனில் கேட்டாள், உங்களுக்கும் ஆகும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்: மாவு இறுகியிருந்தால் சுடுவதற்கு முன் கையில் துளி பால் தொட்டுப் பிசையுங்கள். எண்ணெயில் போட்டதும் கரைந்து பிரிந்தால் பாகு பதம் குறைவு, கொஞ்சம் பச்சரிசி மாவு சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டுச் சுடுங்கள். தீ எப்போதும் குறைவாகவே இருக்கட்டும். தட்டுகிற வேலையை அவனிடம் விட்டுவிடுங்கள்.